எண் போட்டு வை, பிறகு கழற்று

நம் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. கேரளத்தில் இருந்தாலும் நம் வீட்டுப் பேச்சு தமிழ். ஒரு வேலைக்குப் பாலக்காடு போகிறோம். இன்னொரு வேலைக்குப் பொள்ளாச்சி போகிறோம். எங்கே போனாலும் வண்டி வேண்டும். வண்டி நடுவழியில் நின்றால் என்ன ஆகும்?

எங்கள் தொடர்கல்வி மையத்துக்கு ஒரு டிரைவர் மாமா வருகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிறு வயதில் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. இப்போது மாலை நேரத்தில் வந்து படிக்கிறார். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருக்கிறது. பெட்ரோலில் ஓடும் கார். அம்பாசடர் கார் செய்வது 2014-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் மாமாவின் வண்டி நிற்கவில்லை. இன்னும் ஓடுகிறது.

ஒரு நாள் வகுப்பில் அவர் தன் கதையைச் சொன்னார். எல்லோரும் கேட்டோம். உங்களுக்கும் அது பயன்படும். அதனால் எழுதுகிறேன்.

நடுவழியில் நின்ற கார்

அது சித்திரை மாதம். நல்ல வெயில். மாமாவின் மகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. மகளையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பாதி வழி போனதும் வண்டி இரண்டு முறை குலுங்கியது. அப்படியே நின்றுவிட்டது.

மாமா செல்ஃப் போட்டார். இன்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மகள் வலியில் துடித்தாள். நல்ல வேளை, பின்னால் ஒரு ஜீப் வந்தது. அதில் மகளை ஏற்றி அனுப்பினார். தாயும் சேயும் நலம்.

அரை மணி நேரம் கழித்து மாமா மறுபடி செல்ஃப் போட்டார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது!

"எனக்கு அழுகையும் வந்துச்சு, கோபமும் வந்துச்சுங்க டீச்சர். அப்ப ஓடாத வண்டி இப்ப எப்படி ஓடுது?" என்றார் மாமா.

அதன் பிறகும் வண்டி அடிக்கடி இப்படி நின்றது. சூடானால் நிற்கும். ஆறினால் ஓடும். ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பணம் போனது. நோய் போகவில்லை.

பிறகு ஒரு வயதான மெக்கானிக் பார்த்தார். "காயில் கெட்டுப்போச்சு. பிளக் வயரும் வெடிச்சிருக்கு" என்றார். இரண்டையும் மாற்றினார்கள். நோய் தீர்ந்தது.

காயில் என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது? அதை எப்படிக் கழற்றுவது? எப்படி மாட்டுவது? வாருங்கள், பார்ப்போம்.

பெட்ரோலுக்கு ஒரு பொறி வேண்டும்

கேஸ் அடுப்பைத் திறந்தால் மட்டும் தீ வருமா? வராது. லைட்டரால் பொறி தட்ட வேண்டும். பெட்ரோல் இன்ஜினும் அப்படித்தான்.

இன்ஜினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. அம்பாசடரில் நான்கு சிலிண்டர்கள். பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து உள்ளே வரும். பிஸ்டன் அதை அமுக்கும். அந்த நேரத்தில் ஒரு பொறி வேண்டும். பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். அந்தத் தீயின் வேகம் பிஸ்டனைத் தள்ளும். வண்டி ஓடும்.

பொறி எங்கே வருகிறது? பிளக்கின் முனையில் வருகிறது. அங்கே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதிக்கும்போதுதான் பொறி வரும்.

பேட்டரி தருவது 12 வோல்ட். அதனால் குதிக்க முடியாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதனாலும் முடியாது. சுமார் 20 ஆயிரம் வோல்ட் வேண்டும்! 12 வோல்ட்டை 20 ஆயிரம் வோல்ட்டாக ஆக்குவது எது? அதுதான் காயில். இக்னிஷன் காயில் என்பது அதன் முழுப் பெயர்.

டீசல் வண்டியில் இந்தக் காயில் கிடையாது. அங்கே காற்றை மிகவும் அமுக்குகிறார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். பெட்ரோல் கார், பெட்ரோல் ஆட்டோ, மோட்டார் சைக்கிள் இவற்றுக்குப் பொறி வேண்டும்.

காயிலுக்குள் என்ன இருக்கிறது?

காயில் பார்ப்பதற்கு ஒரு சின்ன டப்பா போல இருக்கும். உள்ளே நடுவில் இரும்பு. அந்த இரும்பைச் சுற்றி இரண்டு செம்புக் கம்பிகள்.

ஒரு கம்பி கொஞ்சம் தடிமன். அது சில நூறு சுற்று சுற்றியிருக்கும். இன்னொரு கம்பி முடி போல மெல்லியது. அது பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும். பழைய காயில்களில் சூட்டைக் குறைக்க எண்ணெயும் ஊற்றியிருப்பார்கள்.

தடித்த கம்பியில் பேட்டரியின் மின்சாரம் ஓடும். அப்போது இரும்பு காந்தமாகும். அந்த மின்சாரத்தைத் திடீர் என்று நிறுத்தினால் காந்தம் சட்டென்று மறையும். அந்த நொடியில் மெல்லிய கம்பியில் மிகப் பெரிய வோல்ட் பிறக்கும்.

இது எப்படி? தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது. பைப்பில் தண்ணீர் வேகமாகப் போகிறது. வால்வைத் திடீர் என்று அடைத்தால் என்ன ஆகும்? பைப் 'டமால்' என்று உதறும். ஓடுவதைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு வேகம் பிறக்கும். காயிலிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடுவது யார்? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காண்டாக்ட் பாயிண்ட் என்ற சின்னக் கதவு இருக்கிறது. அது திறந்து திறந்து மூடும். திறக்கும்போது பொறி பிறக்கும். பக்கத்தில் கண்டன்சர் என்ற சின்ன உருளை இருக்கும். அது பாயிண்ட் கருகாமல் காக்கும். பொறி பலமாக வரவும் உதவும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் நிமிடத்துக்கு 6,000 பொறி வேண்டும். அதாவது நொடிக்கு 100 பொறி! அந்தச் சின்ன டப்பா இத்தனை வேலை செய்கிறது.

புத்தகம் தைத்த சிறுவன்

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து நாட்டில் மைக்கேல் ஃபாரடே என்று ஒருவர் இருந்தார். 1791-ல் பிறந்தார். அப்பா கொல்லர். ஏழைக் குடும்பம். ஃபாரடே அதிகம் பள்ளிக்கூடம் போகவில்லை. லண்டனில் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தார். மின்சாரத்தைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

1831-ல் அவர் ஒரு சோதனை செய்தார். ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிகளைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒரு கம்பியில் மின்சாரம் விட்டார். பிறகு நிறுத்தினார். விடும்போதும் நிறுத்தும்போதும் அடுத்த கம்பியில் மின்சாரம் துள்ளியது. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை!

காரின் காயிலும் இதே கதைதான். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910 வாக்கில் பேட்டரி, காயில், பாயிண்ட் இவற்றைச் சேர்த்துக் காருக்குப் பொறி தரும் முறையை உருவாக்கினார். பிறகு பல பத்து ஆண்டுகள் உலகத்துக் கார்கள் அந்த முறையில்தான் ஓடின. மாமாவின் அம்பாசடரும் அந்த முறைதான்.

ஐந்து வயர்களின் வழி

காயிலில் பிறந்த 20 ஆயிரம் வோல்ட் நேராகப் பிளக்குக்குப் போகாது. முதலில் ஒரு தடித்த வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும். உள்ளே ரோட்டார் என்ற கை சுற்றிக்கொண்டே இருக்கும். அது நான்கு பிளக் வயர்களுக்கும் முறை வைத்துப் பங்கிடும். தடித்த வயர் ஒன்று, பிளக் வயர் நான்கு. மொத்தம் ஐந்து.

வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வயலுக்கு விடுவோம் அல்லவா? அது போலத்தான். ஆனால் முறை 1, 2, 3, 4 அல்ல. அம்பாசடரில் முறை 1, 3, 4, 2. இந்த முறை மாறினால் வண்டி ஓடாது. தவறான நேரத்தில் பொறி விழும். கார்புரேட்டர் பக்கமோ சைலன்சர் பக்கமோ 'டமார்' என்று வெடிக்கும்.

இங்கே மாமா ஒரு தவறு செய்திருந்தார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு மழை நாளுங்க டீச்சர். வயரெல்லாம் நனைஞ்சுபோச்சு. துடைக்கலாம்னு நாலு வயரையும் ஒண்ணா உருவிட்டேன். மறுபடி மாட்டினேன். எது எங்கேன்னு தெரியல. செல்ஃப் போட்டா டமார்னு ஒரு சத்தம்! பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க."

"எண் எழுதி ஒட்டியிருக்கலாமே மாமா?" என்று கேட்டேன்.

"அப்ப எனக்கு எழுதத் தெரியாதே!" என்றார்.

வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

கெட்டது காயிலா? முதலில் பாருங்கள்

கெட்டுப்போன பொருளை மட்டும் மாற்ற வேண்டும். நல்ல பொருளை மாற்றினால் பணம் வீண். அடையாளம் இவை:

வண்டி சூடானால் நிற்கிறது. ஆறினால் ஓடுகிறது. அப்படி என்றால் காயிலைச் சந்தேகப்படுங்கள். கண்டன்சரும் இதே தொல்லை தரும். அதன் விலை குறைவு. அதையும் பாருங்கள்.

மழையிலும் பனியிலும் மட்டும் வண்டி பிடிக்கவில்லை. அப்படி என்றால் வயரைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கும். ஈரத்தில் மின்சாரம் வழியிலேயே ஒழுகிவிடும்.

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மிஸ்ஸிங் அடிக்கிறது. ஒரு பிளக்குக்குப் பொறி சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். வயராக இருக்கலாம். பிளக்காகவும் இருக்கலாம்.

இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விடுங்கள். வயர்மேல் நீலப் பொறி ஓடுகிறதா? அங்கே வயர் வெடித்திருக்கிறது. பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். எலி கடித்த வயரும் இப்படித்தான் காட்டும்.

இனி பொறியைச் சோதிக்கும் முறை. இது மாமாவின் கார் போன்ற பழைய வண்டிக்கு மட்டும். வண்டியை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பழைய பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் வயரை மட்டும் எடுத்துப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். பழைய பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பை நன்றாகத் தொட வேண்டும். அப்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னொருவர் செல்ஃப் போடட்டும். நீல நிறத்தில் 'டக் டக்' என்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலம் இல்லை. வரவே இல்லை என்றால் காயில், கண்டன்சர், பாயிண்ட், வயர் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் ஒழுகும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பொறி இருக்கும் இடத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது.

மாமாவின் வண்டி சூடாகி நின்றபோது பொறி வரவில்லை. ஆறிய பிறகு வந்தது. புதிய கண்டன்சர் போட்டும் நோய் தீரவில்லை. அதனால் காயில்தான் என்று முடிவு செய்தார்கள்.

கழற்றும் முறை

1. இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் ஆறட்டும். கையில் மோதிரம், கடிகாரம், உலோகக் காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள்.

2. பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். பாடியோடு சேர்ந்திருக்கும் வயர்தான் எர்த். பெரும்பாலும் அது மைனஸ் வயர். மிகப் பழைய சில வண்டிகளில் பிளஸ் வயர் பாடியோடு சேர்ந்திருக்கும். பார்த்துக் கழற்றுங்கள்.

ஏன் எர்த் முதலில்? மற்ற முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுவிடலாம். பட்டால் பெரிய தீப்பொறி வரும். ஸ்பேனர் பழுக்கும். கை வெந்துவிடும். எர்த் கழன்றிருந்தால் இந்த ஆபத்து இல்லை.

3. ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் படம் போடுங்கள். வட்டம் போட்டால் போதும். எந்த வயர் எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்று எழுதுங்கள். அம்பாசடரில் ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-வது சிலிண்டர்.

4. ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டுங்கள். 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். நடு வயருக்கு 'ந' என்று எழுதுங்கள்.

5. காயிலில் இரண்டு சின்ன வயர்கள் இருக்கும். ஒன்று சாவியிலிருந்து வருகிறது. இன்னொன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. காயில் மேல் + என்றும் − என்றும் குறி இருக்கும். எந்த வயர் எந்தக் குறியில் இருக்கிறது? அதையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு கழற்றுங்கள்.

6. தடித்த வயரை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையில் ரப்பர்த் தொப்பி இருக்கும். அதைப் பிடித்துக் கொஞ்சம் திருகி மெதுவாக உருவுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். வெளியே தெரியாது.

7. காயிலைப் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டைத் தளர்த்துங்கள். காயில் வெளியே வந்துவிடும். பழைய காயிலை உடைக்காதீர்கள். உள்ளே எண்ணெய் இருக்கலாம். பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள்.

புதிய காயில் வாங்கும்போது

பழைய காயிலைக் கையோடு கொண்டு போங்கள். புதியதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாமாவின் வண்டிக்கு 12 வோல்ட் காயில். எண்ணைப் படிக்க உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள்.

சில காயில்களுக்கு வெளியே தனியாக ஒரு ரெசிஸ்டர் வேண்டும். சிலவற்றுக்கு வேண்டாம். மாற்றிப் போட்டால் காயில் சூடாகிக் கெடும். அல்லது பொறி மெலியும். பழைய வண்டியில் இருந்த அதே வகையைக் கேளுங்கள். பில் வாங்குங்கள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் போன்ற நம் நாட்டுத் தொழிற்சாலைகள் வண்டிக்கான மின் பொருள்களைச் செய்கின்றன. எந்தக் கம்பெனிப் பொருள் ஆனாலும் சரி. பாக்கெட்டில் உள்ள பெயரும் காயில் மேல் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

வயரும் அப்படித்தான். வீட்டுக்குப் போடும் வயரை வெட்டிப் பிளக் வயராகப் போடக் கூடாது. அது 20 ஆயிரம் வோல்ட்டைத் தாங்காது. பிளக் வயர் என்றே விற்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும் முறை

1. புதிய காயிலைப் பட்டையில் வைத்துப் போல்ட்டை முடுக்குங்கள். ஆடக் கூடாது. நசுங்கும்படியும் முடுக்கக் கூடாது.

2. நோட்டைப் பாருங்கள். இரண்டு சின்ன வயர்களையும் அதே குறியில் மாட்டுங்கள். மாற்றி மாட்டினாலும் சில வேளை வண்டி ஓடும். ஆனால் பொறி மெலிந்துவிடும். "ஓடுகிறதே" என்று விட்டுவிடாதீர்கள்.

3. பிளக் வயர்களை மாற்ற வேண்டுமா? நான்கையும் ஒன்றாக உருவாதீர்கள். ஒன்றைக் கழற்றுங்கள். அதே நீளமுள்ள புதிய வயரை மாட்டுங்கள். பிறகு அடுத்ததுக்குப் போங்கள். ஒன்று எடுத்து ஒன்று வைத்தால் குழப்பமே வராது.

4. ஒவ்வொரு வயரையும் அடிவரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் பொறி வழியிலேயே தட்டும். முனை கருகிவிடும்.

5. வயர் சைலன்சர்க் குழாயில் படக் கூடாது. ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. கிளிப் இருந்த இடத்தில் கிளிப் போடுங்கள்.

6. எல்லாம் முடிந்த பிறகு பேட்டரியை மாட்டுங்கள். எர்த் வயர் கடைசி. கழற்றும்போது முதலில் வந்தது, மாட்டும்போது கடைசியில் போகும்.

7. இன்ஜின்மேல் ஸ்பேனரோ துணியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செல்ஃப் போடுங்கள்.

இன்ஜின் ஒரே சீராக ஓடினால் வேலை சரி. துள்ளினாலோ வெடித்தாலோ உடனே நிறுத்துங்கள். நோட்டை எடுத்து எண்களைச் சரி பாருங்கள்.

உயிர் முக்கியம்

இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைத் தொடாதீர்கள். கை உதறி ஃபேனில் பட்டுவிடலாம். இதயத்துக்குக் கருவி வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

பீடி, சிகரெட் வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

சாவியைப் போட்டு வைத்துவிட்டு இன்ஜினை ஓட்டாமல் வெகு நேரம் இருக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சூடாகிக் கெட்டுவிடும். மாமா சாவியைப் போட்டு வைத்துப் பாட்டுக் கேட்பார். "காயிலை நானே கொன்னுட்டேனோ என்னமோ" என்றார்.

புதிய கார்களில்

புதிய பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பாயிண்ட் இல்லை. பல வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு சின்னக் காயில் உட்கார்ந்திருக்கும். நீளமான பிளக் வயரும் இல்லை. எப்போது பொறி வேண்டும் என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சொல்லும்.

இங்கேயும் சாவியை எடுத்து, எர்த் வயரைக் கழற்றிய பிறகுதான் வேலை. காயிலில் பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கும். அதற்குச் சின்னப் பூட்டு உண்டு. பூட்டை அமுக்கினால்தான் வரும். பலத்தைக் காட்டினால் உடையும். போல்ட்டைக் கழற்றி, காயிலைக் கொஞ்சம் திருகி மேலே தூக்க வேண்டும். கனெக்டர்களுக்கும் எண் எழுதி ஒட்டுங்கள்.

மேலே சொன்ன பொறிச் சோதனையைப் புதிய காரில் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள். பில்லைப் படியுங்கள்.

பொள்ளாச்சி சாலையில் ஒரு பெரியவர்

ஜி. டி. நாயுடுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இளம் வயதில் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார். அப்படித்தான் இயந்திரத்தைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். நமக்குப் பக்கத்து ஊர்தான் பொள்ளாச்சி.

கழற்றுவது யாராலும் முடியும். திரும்ப மாட்டத் தெரிய வேண்டும். அதில்தான் அறிவு இருக்கிறது.

மாமாவின் நோட்டு

போன மாதம் மாமா தன் காரைக் கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப். அதில் 1, 2, 3, 4. அவரே எழுதியது. 4 கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் 4 என்று தெரிந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் ஒரு வட்டம் வரைந்திருந்தார். வட்டத்தைச் சுற்றி 1, 3, 4, 2. கீழே காயில் வாங்கிய தேதியும் விலையும் எழுதியிருந்தார்.

வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்: "ஏனுங்க, இதையெல்லாம் மனசுலயே வச்சுக்க முடியாதா?"

மாமா சொன்னார்: "மனசு பதறும்போது மறந்துபோயிருமுங்க. எம் பொண்ணு வலியில கத்தினப்ப எம் பேரே எனக்கு மறந்துபோச்சு. நோட்டு பதறாதுங்க."

மழைக்காலம் வருவதற்கு முன் அவர் வயர்களை ஒரு முறை பார்க்கிறார். காய்ந்த துணியால் துடைக்கிறார். வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். இன்ஜின் நின்றிருக்கும்போதுதான். இப்போது அந்தக் காரில்தான் பேத்தியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போகிறார்.

நினைவில் வையுங்கள்

சோதித்த பிறகு மாற்றுங்கள்.
எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டுங்கள்.
எண் எழுதி ஒட்டிய பிறகு வயரைத் தொடுங்கள்.
ஒன்று எடுத்து ஒன்று வையுங்கள்.
பொறியும் பெட்ரோலும் ஓரிடத்தில் சேரக் கூடாது.

பதில் எழுதுங்கள்

1. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பெரிய வோல்ட்டாக ஆக்குவது எது?
2. எர்த் வயரை ஏன் முதலில் கழற்ற வேண்டும்?
3. அம்பாசடரில் பொறி விழும் முறை என்ன? நான்கு எண்களையும் எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் மிக்ஸி, பம்பு செட், தையல் மிஷின் எதையாவது கழற்றப் போகிறீர்களா? முதலில் நோட்டில் என்ன எழுதி வைப்பீர்கள்?